கேம்ப் என்றாலே அகதி முகாம்தானா?



கொஞ்சம் நீளமான பதிவு. இரவு வேலை எல்லாம் முடிந்த பிறகு ஆறுதலாக வாசியுங்கள். சில பேருக்குக் கோபம் வரலாம். வந்தால் கொமென்ட்டில் எழுதுங்கள், பதில் சொல்வேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு "விடுமுறையில் நான் போக விரும்பும் இடம்" என்று ஒரு கட்டுரை கொடுத்திருந்தேன். நுவரெலியா, கண்டி, கொழும்பு என்று வழமையான பதில்கள்தான் வந்தன. ஒரு பிள்ளை மட்டும் வித்தியாசமாக எழுதியிருந்தாள். காரைநகர் கசூரினா கடற்கரையில் டென்ட் அடித்து, ஓர் இரவு கேம்ப் இருக்க வேண்டுமாம். விடிய எழும்பிக் கடலைப் பார்க்க வேண்டுமாம்.

அதை வகுப்பில் வாசித்தேன். பின் வாங்கிலிருந்து ஒருத்தி கத்தினாள்: "டீச்சர், எங்கட உம்மம்மா பதினைஞ்சு வருஷம் கேம்புலதான் இருந்தவ! அவவுக்கு ஃப்ரீயாக் குடுத்தாங்க!"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பிறகு என்னால் அடுத்த கட்டுரையை வாசிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். உம்மா சிரிக்கவில்லை. மீன் வெட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டுச் சொன்னா: "கூரை உள்ள வீட்டை விட்டுட்டு, கூடாரத்துக்குள்ள படுக்கக் காசு குடுத்துப் போறதா மகள்? எங்களுக்கு அது காணும்."

இந்தப் பதிவு உம்மாவுக்கான என் பதில். உங்களில் அநேகம் பேரின் வீட்டிலும் இப்படி ஓர் உம்மா இருப்பா என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

1990 ஒக்டோபர் 30 பற்றி சோனகதெருவில் யாருக்கும் நான் பாடம் நடத்தத் தேவையில்லை. இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் அதிகம். எனக்கு அப்போது இரண்டு வயது. உம்மாவின் இடுப்பில் இருந்து போனேனாம். எனக்கு ஞாபகம் இருப்பது அதற்குப் பிந்திய கற்பிட்டி வாழ்க்கை. கிடுகுக் கொட்டில், மணல் தரை, மழைக்கு ஒழுகும் கூரை. ஒரு கொட்டிலைச் சாரியால் மறித்து இரண்டு குடும்பம். மலசலகூட வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு, இருட்டும் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்த ராத்தாமார்.

ஆகவே உம்மாவின் கோபம் எனக்கு விளங்குகிறது. எங்கள் சனத்துக்கு "கேம்ப்" என்ற சொல்லில் ஈரமும் அவமானமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனாலும் நான் ஒன்று கேட்கிறேன். முகாம் வாழ்க்கையை அப்படிக் கொடுமையாக ஆக்கியது எது? கூடாரமா? கிடுகா? நான் யோசித்துப் பார்த்தேன். நாங்கள் விரும்பிப் போகவில்லை. எப்போது திரும்புவோம் என்று தெரியவில்லை. தண்ணீர் ஒழுங்காக இல்லை, மலசலகூடம் காணாது, பெண்களுக்கு மறைவில்லை. இதுதான் கொடுமை. விரும்பிப் போய், நாளைக் காலை வீடு திரும்புவோம் என்று தெரிந்து, தண்ணீரும் மறைவும் இருந்தால் அந்தக் கூடாரத்தின் மேல் என்ன குற்றம்?

என் பக்கத்து வீட்டு நானா குவைத்தில் பல வருடம் டிரைவராக இருந்தவர். அங்கே குளிர் காலம் வந்தால், நவம்பரிலிருந்து மார்ச் வரை, குடும்பம் குடும்பமாகப் பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். மாளிகை போல வீடு உள்ளவர்கள்தான். "அவங்கட பிள்ளைகளுக்கு எத்தனை டென்ட் அடிச்சுக் குடுத்திருப்பன் டீச்சர், என்ட பிள்ளைகளுக்கு ஒண்டு அடிக்கல்ல" என்றார். அவர் சொன்னது பகிடியாகத்தான். எனக்கு அது நெஞ்சில் தைத்தது.

நம் பிள்ளைகளைப் பாருங்கள். ஒடுங்கிய ஒழுங்கை, மதில், டியூஷன், போன். தீபகற்பத்தில் பிறந்து வளர்கிறார்கள், பண்ணைக் கடற்கரையில் கச்சான் தின்றதைத் தவிர கடலோடு ஒரு பழக்கமும் இல்லை. சாட்டிக் கடற்கரை டவுனிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். கசூரினா இருபது சொச்சம். மணற்காட்டு மணல் மேடுகள் நாற்பது அளவில். மற்ற நாட்டுக்காரர் பிளேன் ஏறி வந்து பார்க்கிற இடங்கள். ஆண் பிள்ளைகளாவது சாரணர் பாசறை என்று ஒன்றிரண்டு நாள் வெளியே தங்குகிறார்கள். பெண் பிள்ளைகள் இரவு வானத்தை முழுசாகப் பார்ப்பது மின்சாரம் போனால்தான்.

உம்மம்மா உயிரோடு இருந்தபோது ஒன்று சொல்லுவா. அந்தக் காலத்தில் மண்கும்பான் பள்ளிவாசல் கந்தூரிக்குச் சட்டி பானை, பாயோடு வண்டியில் போய் இரவும் தங்கி வருவார்களாம். அதற்கு யாரும் கேம்ப் என்று பெயர் வைக்கவில்லை. ஆக இது வெளிநாட்டுப் பழக்கமும் இல்லை. நம்மிடம் இருந்து இடையில் அறுந்துபோன ஒன்று.

சரி, நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

போன ஓகஸ்ட் போயாவுக்கு இரண்டு குடும்பம், பதினொரு பேர் ஒரு கடற்கரைக்குப் போனோம். எந்தக் கடற்கரை என்று எழுதவில்லை, காரணம் பிறகு விளங்கும். டென்ட் இரண்டும் இரவல். வேன் கூலியைப் பாதி பாதியாகப் பிரித்தோம். ஹோட்டலில் ஓர் அறைக்குக் கேட்ட வாடகையில் பாதிகூட முழுச் செலவுக்கும் முடியவில்லை.

போயா நாளை நான் வேண்டுமென்றேதான் தெரிந்தெடுத்தேன். நாட்டுக்கே லீவு, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். நம் பாடசாலைகளின் நோன்பு விடுமுறை மற்றப் பாடசாலைகளோடு ஒத்துவராது என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டாவது, நிலா வெளிச்சம். மூன்றாவதுதான் முக்கியம். அன்றைக்குச் சாராயக் கடை பூட்டு. கடற்கரையில் குடித்துவிட்டுச் சத்தம் போடுகிறவர்கள் குறைவு. குடும்பமாகப் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

எல்லாம் சரியாகத்தான் போனது. மஃரிப் தொழுதோம், பிள்ளைகள் நண்டு துரத்தினார்கள், பாணும் சம்பலும் பொரித்த மீனும் சாப்பிட்டோம். பிறகுதான் தெரிந்தது, அங்கிருந்த பொது மலசலகூடம் பின்னேரம் ஆறு மணியோடு பூட்டு. திறப்பு யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆண்களுக்குப் பிரச்சினை இல்லை. நாங்கள் ஐந்து பெண்கள். கூட வந்த ராத்தா என்னைப் பார்த்த பார்வையில் கற்பிட்டி முழுக்க இருந்தது. "உம்மா சொன்னது சரிதானே" என்று எனக்கே தோன்றியது.

டோர்ச்சை எடுத்துக்கொண்டு, மீனவக் குடும்பங்கள் இருக்கும் பக்கம் நடந்தோம். ஒரு வீட்டு வாசலில் வயதான அம்மா ஒருவர் வலைக்குப் பக்கத்தில் இருந்தார். கேட்கவே வெட்கமாக இருந்தது. அவர் நாங்கள் சொல்லி முடிக்க முன்னமே எழும்பிவிட்டார். "ஏன் பிள்ளை நிண்டு யோசிக்கிறீங்கள்? வாங்கோ, பின்னால கிணறும் கிடக்கு." போகும்போது நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார்: "நாங்களும் முகாமில இருந்தனாங்கள்தானே பிள்ளை. அந்த வரிசை எனக்குத் தெரியாதே?"

அவரும் எத்தனையோ வருடம் இடம்பெயர்ந்து, பாடசாலைக் கட்டடத்திலும் தறப்பாளுக்குக் கீழும் இருந்துவிட்டு வந்தவர். "முகாம்" என்ற சொல் எங்களுடைய தனிச் சொத்து என்று நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்திருக்கிறேன். இந்தத் தீபகற்பத்தில் அந்தச் சொல் தெரியாத வீடே குறைவு. அன்றிரவு பதினொரு மணி வரை அந்த அம்மாவும் மருமகளும் எங்கள் டென்டுக்கு முன்னால் வந்திருந்து பிளேன்டி குடித்தார்கள். வெளியே ஓர் இரவு தங்கப் போனதால்தான் எனக்கு இது கிடைத்தது. காலை போய் மாலை திரும்பும் ட்ரிப்பில் அந்த வீட்டு வாசலை நான் மிதித்திருக்க மாட்டேன்.

இனி, போக விரும்புகிறவர்களுக்கு நான் படித்துக்கொண்ட பாடங்கள்.

1. காலம். ஒக்டோபரிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை வேண்டாம். வாடையும் மழையும் புயலும் நம் பக்கம் அடிக்கும் காலம். டிசம்பர் லீவு என்று ஆசைப்படாதீர்கள். பெப்ரவரியிலிருந்து செப்டெம்பர் வரை பரவாயில்லை. ஆனால் மே, ஜூனுக்குப் பிறகு சோளகம் பலமாக வீசும். மணலில் முளை நிற்காது. அரிசிப் பைக்குள் மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டி, பையை ஒரு முழ ஆழத்தில் புதையுங்கள். எங்கள் டென்ட் அப்படித்தான் நின்றது.

2. இடம். கசூரினாவில் கடல் ஆழம் குறைவு, சவுக்கு மர நிழல் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் நல்லது. சாட்டி பக்கம், இடையில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் டவுனுக்குத் திரும்பலாம். மணற்காடு பார்க்க அழகு, மணலில் புதைந்த பழைய தேவாலயத்தின் இடிபாடும் அங்கே இருக்கிறது. ஆனால் கிழக்குக் கடல், அலை வேறு மாதிரி. கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். நெடுந்தீவு என்றால் குறிகட்டுவானிலிருந்து படகு, ஒரு மணித்தியாலம் அளவில். கடைசிப் படகு போனால் அவ்வளவுதான், குடிதண்ணீரும் அங்கே தட்டுப்பாடு. முதல் பயணத்துக்கு அது வேண்டாம். சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவான இடம். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அங்கே கூடாரம் என்ற பேச்சே கூடாது. பூநாரைகளைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

3. அனுமதி. பிரதேச சபையில் கேளுங்கள், கிராம சேவகருக்குச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், அந்தக் கரையில் தொழில் செய்கிறவர்களிடம் கேளுங்கள். கரைவலை இழுக்கும் பாதையில், வள்ளம் ஏற்றும் இடத்தில் டென்ட் அடித்தால் விடியப்புறம் அவர்களுடைய பிழைப்பை மறிக்கிறோம். கடற்கரை நமக்குப் பொழுதுபோக்கு, அவர்களுக்கு வயல்.

4. நீர்மட்டம். கடற்சாதாளை ஒதுங்கிக் கிடக்கும் கோட்டுக்கு நன்றாக மேலே அடியுங்கள். போயா அன்று தண்ணீர் வழமையைவிடக் கொஞ்சம் ஏறும். இருட்டிய பிறகு ஒருவரும் கடலில் இறங்கக் கூடாது. இதில் பெரியவர் சின்னவர் என்று இல்லை.

5. தண்ணீர். குடிக்க ஆளுக்கு மூன்று நான்கு லீற்றர், சமையலுக்கு வேறு. வுளூவுக்கு என்ன செய்வது என்று பலர் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு "முத்", அதாவது இரு கையும் சேர்த்து ஏந்தும் அளவு தண்ணீரில் வுளூச் செய்தார்கள் என்று ஹதீஸில் படித்திருக்கிறோம். முக்கால் லீற்றர் போத்தல் ஒன்று காணும். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு வுளூச் செய்கிற பிள்ளைகள் அன்றைக்குத்தான் அதை விளங்கிக்கொண்டார்கள். கிப்லா மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்குப் பக்கம். கசூரினாவுக்குப் போய்க் கஸ்ர் தொழலாமா என்று என் மகன் கேட்டான். இருபது கிலோமீற்றருக்குக் கஸ்ர் கிடையாது மகன், நாலு ரக்அத்தும் தொழு என்றேன்.

6. நெருப்பு. கேஸ் அடுப்பை எக்காரணம் கொண்டும் டென்டுக்குள் வைக்காதீர்கள். நுளம்புச் சுருளும் வெளியேதான். 1997இல் மினாவில் ஹாஜிமார்களின் கூடாரங்களில் தீப் பிடித்து முந்நூறுக்கும் அதிகமானோர் வபாத்தானதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே தீப் பிடிக்காத கூடாரங்கள் வந்தன. சவுக்குச் சருகு பெற்றோல் மாதிரி. அதற்குப் பக்கத்தில் விறகு அடுப்பும் வேண்டாம்.

7. குப்பை. கொண்டுபோன ஷொப்பிங் பை, போத்தல், பம்பர்ஸ் எல்லாம் வேனில் திரும்பி வர வேண்டும். "சோனகர் வந்து அசுத்தம் பண்ணிவிட்டுப் போனார்கள்" என்ற பேச்சை ஒரு குடும்பம் கேட்க வைத்தால் போதும், அடுத்த பத்துக் குடும்பத்துக்குக் கதவு பூட்டு.

இனி, சின்ன வீடு, கபானா என்ற கதை. லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற சொந்தங்கள் "தீவுப் பக்கம் ஒரு துண்டுக் காணி கிடக்கு, இரண்டு கபானா போட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். என் பதில்: முதலில் அந்தக் காணியில் டென்ட் அடித்து நாலைந்து இரவு படுத்துப் பாருங்கள். சோளகம் எந்தப் பக்கம் அடிக்கிறது, மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது, கிணறு உவரா நன்னீரா, பக்கத்துச் சனம் எந்தப் பாதையால் கடலுக்குப் போகிறது என்று அப்போதுதான் தெரியும். பிறகு சட்டம். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி உயர் நீர்மட்டத்திலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே அனுமதிப் பத்திரம் இல்லாமல் கட்ட முடியாது. மணல் மேட்டைச் சமப்படுத்திக் குடில் போடுவது இன்னும் மோசம். ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத தீபகற்பம் நம்முடையது, அந்த மணலுக்கு அடியிலும் நன்னீர் தங்கி நிற்கிறது. கடல் பொங்கினால் முதலில் தாங்குவதும் அந்த மேடுதான்.

கபானா போடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவராக வேலி போட்டுக்கொண்டு போனால், காசுள்ளவனுக்கு மட்டும்தான் கடற்கரையில் ஓர் இரவு கிடைக்கும். எங்கள் ஊர்ச் சனம் நிறையப் பேர் வாழும் நோர்வேயில் 1957ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். பயிர் நிலமும் வீட்டு வளவும் அல்லாத திறந்த வெளியில், ஆள் இருக்கும் வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளி, யாரும் இரண்டு நாள் வரை கூடாரம் அடிக்கலாம், காணி யாருடையதானாலும். நம் சின்ன, நெருக்கமான ஊருக்கு அதே சட்டம் சரிவராது. ஆனால் அதற்குப் பின்னால் உள்ள எண்ணம் சரி. வெளியே ஓர் இரவு என்பது ஏழைக்கும் உரியது.

நம் நாட்டிலும் இல்லாமல் இல்லை. ஹோர்ட்டன் சமவெளியிலும் வில்பத்துவிலும் கூடாரத்துக்கென்று இடம் ஒதுக்கிக் கட்டணத்துக்குக் கொடுக்கிறார்கள். அப்படியொன்றைத் தீபகற்பத்தின் இரண்டு மூன்று கடற்கரைகளில் ஏன் செய்ய முடியாது? நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. எல்லை போட்ட ஒரு துண்டு நிலம். இரவிலும் திறந்திருக்கும் இரண்டு மலசலகூடம், பெண்களுக்கு வேறாக. ஒரு தண்ணீர்க் குழாய். ஒரு சோலார் லைட். ஓர் இரவுக்கு இத்தனை குடும்பம்தான் என்று ஒரு கணக்கு. திறப்பும் கட்டணமும் அந்தக் கரையிலேயே வாழும் பெண்களின் சங்கம் ஒன்றிடம் இருக்கட்டும். அன்றிரவு எனக்குக் கதவு திறந்த அம்மாவைப் போன்றவர்களுக்கு அது வருமானம், வருகிறவர்களுக்குப் பாதுகாப்பு. சபை உறுப்பினர்கள் யாராவது இதை வாசித்தால், அடுத்த கூட்டத்தில் பேசுங்கள். பள்ளிவாசல் நிர்வாகமும் பெற்றோர் சங்கமும் ஒரு கடிதம் எழுதினால் இன்னும் நல்லது. தனியாக எழுதாமல், கோயில் சபையும் தேவாலயமும் சேர்ந்து எழுதினால் மிக நல்லது.

"பெண் பிள்ளைகளை இரவில் வெளியே தங்க வைப்பதா?" என்று கேட்பவர்களுக்கு: தனியே அனுப்பச் சொல்லவில்லை. உம்மா, வாப்பா, மாமி, மாமா என்று குடும்பமாகப் போங்கள். பெண்களுக்கு வேறு டென்ட், ஆண்கள் முறை வைத்து முழித்திருக்கலாம். முகாமில் நம் பெண்களுக்கு மறைவு கிடைக்காமல் போனது உண்மை. அதற்குப் பரிகாரம் அவர்களை வீட்டுக்குள் வைத்திருப்பதல்ல. மறைவும் வெளிச்சமும் உள்ள இடத்தைக் கேட்டு வாங்குவது.

உம்மா இன்னும் வரவில்லை. அடுத்த முறைக்குக் கூப்பிட்டேன். "பகலில வாறன், மஃரிபுக்கு முன்னம் என்னை வீட்டில கொண்டு வந்து விட்டிரணும்" என்றா. சரி உம்மா என்றேன். அவவுடைய இரவுகளை அவ ஏற்கெனவே வெளியே கழித்துவிட்டா. கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்லை. ஆனால் பாயை அவதான் சுருட்டித் தந்தா, பிள்ளைகளுக்குக் குளிரும் என்று பழைய போர்வை இரண்டும்.

அந்தக் கட்டுரைக்கு இருபதுக்குப் பதினெட்டு போட்டேன். இரண்டு புள்ளி எழுத்துப் பிழைக்கு. கீழே சிவப்பில் எழுதினேன்: "வாப்பாவிடம் காட்டவும். போயாவுக்கு இடம் இருக்கிறது."

வர விரும்பும் குடும்பங்கள் கொமென்ட்டில் பெயரைப் போடுங்கள். டென்ட் இரவல் தரக்கூடியவர்களும் சொல்லுங்கள். எந்தக் கடற்கரையில் இரவில் மலசலகூடம் திறந்திருக்கிறது என்று தெரிந்தவர்கள் கட்டாயம் எழுதுங்கள், அதுதான் முதல் தகவல்.

வஸ்ஸலாம்.